அம்பு ஒட்டிய கண்

நீங்கள் இப்போது போட்டிருக்கும் சட்டையைக் கடைசியாகப் பார்த்து அனுப்பிய கண் யாருடையது, தெரியுமா?

தைத்தவர் ஒருவர், பித்தான் வைத்தவர் ஒருவர், தேய்த்தவர் ஒருவர். இவர்களுக்கு நடுவே, குழல்விளக்கின் கீழ் ஒரு நீண்ட மேசையோரம் நின்றபடி, ஒருத்தி அதைப் புரட்டிப் பார்த்திருப்பாள். காலர், கை, பக்கத் தையல், பித்தான் துளை, கீழ்மடிப்பு. ஒரு சட்டைக்கு முக்கால் நிமிடம். குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டி, சுண்டுவிரல் நகம் அளவுள்ள சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு ஒட்டிய துணி தையலுக்குத் திரும்ப வேண்டும். தப்பித்தவறி அது மடிப்பு மேசைக்குப் போய்விட்டால் அந்த மேசையில் வேலை முழுவதும் நிற்க வேண்டும்; சூப்பர்வைசர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த துணி நகரும். அந்தத் தொழிற்சாலைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பதினாறு விதிகளில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது இது ஒன்றுதான். ஏனென்றால் இது துணியைக் காப்பாற்றும் விதி. ஆளைக் காப்பாற்றும் விதிகளும் பக்கத்திலேயே தொங்கின. அவற்றைப் படிக்க வேண்டுமானால் முதலில் பஞ்சுத் தூசியைத் துடைக்க வேண்டும்.

அந்த மேசையில் இருபத்திரண்டு வருடம் நின்றவளை எல்லோரும் கழுகக்கா என்றார்கள். வயது ஐம்பத்து மூன்று. ஒரு தையல் தாண்டியிருந்தால் ஒரு முழம் தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். புதிதாகச் சேர்ந்த தையல்காரர்கள் அவள் மேசைக்குத் துணி போகிறது என்றாலே தையலைத் திரும்ப ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். "கழுகு மேல சுத்துதுடா, காலரைப் பாத்துக்கோ" என்பது அங்கே வழக்கமான பேச்சு. அவள் காதிலும் விழும். விழுந்தால் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

அந்தக் கழுகுக்குத்தான் ஒருநாள் குழல்விளக்கு மங்கலாகத் தெரிந்தது. மின்சாரப் பணியாளரைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னாள். அவர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"அக்கா, ட்யூப் போன வாரம் போட்டது. புத்தம் புதுசு. பழசு ஆனது வேற எதுவோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு மாலை துணிகளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தாள். அடுத்த மாதம் ஜன்னல் வெளிச்சமே எதிரியாயிற்று. வெயில் நேராக அடித்தால் சட்டை முழுவதும் பால் கொட்டியதுபோல் வெளுத்துக் கரைந்தது. பிறகு கண்ணை விட்டுவிட்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். தாண்டிய தையல், பிசிர், இழுத்த நூல் எல்லாம் விரல்நுனிக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி நடத்தும் கண் பரிசோதனையும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. சுவரில் மாட்டும் எழுத்து அட்டை பதினோரு வருடமாக ஒரே அட்டை. வரிசையில் நின்று நின்று அந்த மேசைப் பெண்கள் எல்லோருக்குமே அது மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கடைசி வரிவரை ஒப்பிப்பார்கள். அவளும் ஒப்பித்தாள். பரிசோதித்தவர் "சூப்பர்" என்று எழுதிக்கொண்டு போனார். பரிசோதித்தது கண்ணையா ஞாபகசக்தியையா என்று அவருக்கும் கவலையில்லை, கம்பெனிக்கும் கவலையில்லை.

வீட்டில் மறைக்க முடியவில்லை. அவள் கணவர் தண்ணீர் லாரி ஓட்டுபவர். எதிலும் ஒரு கேலி இல்லாமல் பேச வராது. ஒருநாள் காலை அவள் தேநீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டம்ளர் இந்தப் பக்கம் இருக்கு. நீ மேசைக்கு டீ குடுத்துட்டிருக்கே."

அவள் துணியெடுத்துத் துடைத்தாள். அவருடைய கேலி அத்தோடு நின்றது. அன்று சாயங்காலமே தன் அக்காவைக் கூப்பிட்டு வந்தார். அந்த நாத்தனாருக்கு வீட்டில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் அதற்கு ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். அவள் கழுகக்காவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"புரைதான். இப்போ ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஓடாதே. முத்தணும். முத்தினாத்தான் உரிக்க வரும்."

"வேலை பார்க்க முடியலையே, அண்ணி."

"அதுவரைக்கும் கரையறதுக்கு ஒரு சொட்டு மருந்து இருக்கு. சந்தையில ஒருத்தர் விக்கிறார். எத்தனை பேருக்குக் கரைஞ்சிருக்கு தெரியுமா?"

எத்தனை பேருக்கு என்று யாரும் எண்ணவில்லை. அந்த எத்தனை பேரில் ஒருவரையாவது நாத்தனார் நேரில் பார்த்திருக்கிறாளா என்றும் யாரும் கேட்கவில்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், வயதானால் மெல்ல மெல்ல மஞ்சளித்து மங்கும். அதுதான் புரை. வேறு மர்மம் எதுவும் அதில் இல்லை. மங்கிப்போன லென்ஸைத் தெளிய வைக்கும் சொட்டு மருந்து உலகத்தில் எந்த மருத்துவமனையிலும் இல்லை. சந்தையில் விற்பவரிடம் மட்டும்தான் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் பிசுக்குப் படிந்தால், நன்றாகப் படியட்டும், பிறகு துடைக்கலாம் என்று யாராவது காத்திருப்பார்களா? கண் விஷயத்தில் மட்டும் காத்திருக்கச் சொல்கிறார்கள், காத்திருக்கிறோம். கழுகக்கா எட்டு மாதம் காத்திருந்தாள். காலையில் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு. எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம்.

எட்டு மாதம் முடியும்போது நானூறு வெள்ளைச் சட்டைகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன.

சூப்பர்வைசர் முப்பத்தைந்து வயதுக்காரர். கழுத்தில் ஒரு விசில் எப்போதும் தொங்கும். இரண்டு சட்டைகளை அவள் மேசையில் விரித்தார்.

"காலர் நூலைப் பாருங்க. இது என்ன கலர்?"

"வெள்ளை, சார்."

"இது?"

அவள் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். "அதுவும் வெள்ளைதான், சார்."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது சட்டையின் காலரில் ஓடியிருந்தது க்ரீம் நூல். நூல் கண்டு மாற்றிப் போட்டது தையல் வரிசையின் பிழை. ஆனால் பிழையைப் பிடிக்கத்தான் அவள் அங்கே நிற்கிறாள். மஞ்சளித்த லென்ஸ் வழியாகப் பார்க்கிறவளுக்கு வெள்ளையும் க்ரீமும் ஒன்றுதான். விரலுக்குத் தையல் தெரியும், பிசிர் தெரியும். நிறம் தெரியாது. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அவள் போட்ட கணக்கில் விட்டுப்போனது அந்த ஒன்று.

"கழுகுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா வராதீங்க. எனக்கு வேற வழியில்ல."

அன்று வாசலில் அவளை நிறுத்தியவர் தேய்ப்புக்காரர். நீராவி இஸ்திரி மேசையில் பல வருடமாக நிற்பவர். அதிகம் பேசாதவர்.

"எனக்கு ரெண்டு கண்ணும் பண்ணியாச்சு, கழுகக்கா. உங்ககிட்ட சொல்லிக்கல. யார்கிட்டயும் சொல்லிக்கல. சொன்னா வேலைக்கு ஆகாதவன்னு முத்திரை குத்திடுவாங்கன்னு பயம். நீங்க போங்க. அரசு ஆஸ்பத்திரியிலயே நல்லாப் பண்றாங்க."

"வலிக்குமா?"

"மெஷின்ல விரல் மாட்டினதை விடவா?"

அவள் போனாள். மருத்துவர் அவள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஏன் இத்தனை நாள் என்று கேட்டார். முத்தட்டும் என்று சொன்னார்கள் என்றாள்.

"மாம்பழமா அது? முத்த முத்த கல்லாகும். எனக்கும் கஷ்டம், உங்க கண்ணுக்கும் கஷ்டம்."

கணவர் தலையைச் சொறிந்துகொண்டே சட்டைப்பையிலிருந்து சந்தைச் சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார். மருத்துவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை, தேதி இல்லை, என்ன கலந்திருக்கிறது என்பதும் இல்லை.

"என்ன வேலை பார்க்குறீங்க?"

"துணி செக்கிங்."

"லேபிள் இல்லாத சட்டைய பாஸ் பண்ணுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் இதை எப்படிம்மா பாஸ் பண்ணீங்க?"

அந்தக் கேள்வி அவளுக்கு ஊசியைவிட ஆழமாக இறங்கியது.

முதலில் வலது கண். இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்தார்கள். உள்ளே வைக்கும் லென்ஸின் அளவைத் தெரிந்துகொள்ளக் கண்ணை அளந்தார்கள். அறுவை சிகிச்சை நாளன்று காலை கண்பாப்பாவை விரிக்கும் சொட்டை விட்டுக்கொண்டே, மூத்த செவிலியர் நடக்கப்போவதை ஒன்றுவிடாமல் சொன்னார். மயக்கம் கொடுக்க மாட்டார்கள், கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். முகத்தைத் துணியால் மூடுவார்கள், பயப்பட வேண்டாம், மூச்சுக்குக் காற்று வரும். கத்தி வருவது தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். இருமல் வந்தால் முதலில் வாயால் சொல்ல வேண்டும். தலையை ஆட்டக் கூடாது.

"எவ்வளவு நேரம், சிஸ்டர்?"

"இருபது நிமிஷம். உங்க புரை கொஞ்சம் கல்லாயிருக்கு, அரை மணிகூட ஆகலாம்."

சொன்னபடியே நடந்தது. மூன்று வெளிச்சங்கள் தண்ணீருக்குள் மிதப்பதுபோல் தெரிந்தன. ஒரு கருவி மெல்ல ரீங்கரித்தது. அழுத்தம் இருந்தது, வலி இல்லை. யாரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முடிந்தது என்றபோது அவள் நம்பவில்லை.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். முதலில் கண்ணீர், பிறகு கூச்சம். பிறகு சுவர். சுவர் நீலம் கலந்த வெள்ளையாக இருந்தது. இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். அதே சுவர் தேநீர்க் கறை. வலதைத் திறந்தாள், வெள்ளை. இடது, கறை. இத்தனை வருடம் உலகத்தையே கறை வழியாகப் பார்த்திருக்கிறாள். எதிரே கணவர் நின்றார்.

"உங்க தலை எப்போ நரைச்சுது?"

"நாலு வருஷம் ஆச்சு. நீ இப்பத்தான் ஊருக்கு வந்திருக்கே."

அவள் பார்வை தலையிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் காலரில் க்ரீம் நூல் பளிச்சென்று ஓடியது. ஒரு குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.

"இந்தச் சட்டை எங்க வாங்கினீங்க?"

"உங்க கேட்டு வாசல்ல, தள்ளுவண்டியில. ரிஜெக்ட் துணியாம். நல்லாத்தானே இருக்கு?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கை கண்ணுக்குப் போனது. செவிலியர் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"அழலாம். தேய்க்கக் கூடாது."

பிறகு எதிரே உட்கார்ந்து, கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தூங்கும்போது பிளாஸ்டிக் மூடி. சொட்டு மருந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான். ஒரு மாதத்துக்கு மேல், சீட்டில் இருக்கிறபடி. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கண்ணில் விடக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. தூசியில் நிற்கக் கூடாது. இரண்டு வாரம் வேலை வேண்டாம். கொஞ்சம் உறுத்தும், கூசும், தண்ணீர் வரும். அது நாளுக்கு நாள் குறையும்.

"இப்போ சொல்றதுதான் முக்கியம். குறையாம வலி கூடினா, சிவப்பு ஏறினா, நல்லாத் தெரிஞ்ச கண்ணு மங்க ஆரம்பிச்சா, மின்னல் அடிக்கிற மாதிரியோ திரை இறங்குற மாதிரியோ இருந்தா, யார்கிட்டயும் யோசனை கேக்காதீங்க. நேரா இங்க வாங்க. ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராது. ஆனா வந்தா அது நாள் கணக்கு இல்ல, மணிக் கணக்கு."

சீட்டில் இரண்டு வாரம் என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார்கள். கணவர் அதைக் கொண்டுபோய்த் தொழிற்சாலையில் கொடுத்தார். மாலையில் சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது.

"என்ன ஆபரேஷன்கா, எவ்வளவு நேரம் பண்ணாங்க?"

"இருபது நிமிஷம், சார்."

"இருபது நிமிஷ ஆபரேஷனுக்குப் பதினாலு நாள் லீவா? இப்பல்லாம் காலையில பண்ணிட்டு மத்தியானம் கார் ஓட்டிட்டுப் போறாங்க. திங்கக்கிழமையிலேருந்து கப்பலுக்குப் பெரிய லாட் ஏறுது. வந்தா உங்க மேசை உங்களுக்கு. இல்லேன்னா ஆள் போட்டுடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

ஒரு மரத்தை வெட்ட இருபது நிமிடம் ஆனதால் அது முளைக்கவும் இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும் என்று சொல்கிற அறிவு இது. இதற்குச் சம்பளமும் விசிலும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவருக்கு மேலே இருப்பவர் அவரிடம் பெட்டிக் கணக்கு கேட்பார்; அவருக்கும் மேலே இருப்பவர் கப்பல் தேதி கேட்பார். ஒரு கண்ணுக்கு எத்தனை நாள் வேண்டும் என்று அந்தப் படிக்கட்டில் ஒருவர்கூடக் கேட்க மாட்டார்.

"போகாதே" என்றார் கணவர்.

"நீங்க வேலைய விட்டு நின்னீங்களே ஒரு மாசம், முதுகு பிடிச்சப்போ. திரும்பப் போனப்போ லாரி இருந்துச்சா? வேற ஆள் ஓட்டிட்டிருந்தார்ல?"

அவள் திங்கட்கிழமை போனாள். ஐந்தாவது நாள். கறுப்புக் கண்ணாடி, மூக்கை மூடிய கைக்குட்டை. வலது கண்ணை நம்பித் துணி பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு சுத்தமாகப் பார்த்ததில்லை. பஞ்சுத் தூசி வெளிச்சத்தில் மிதப்பது தெரிந்தது. அதை இதுவரை அவள் பார்த்ததேயில்லை, சுவாசித்ததுண்டு. அன்று அவள் ஒட்டிய அம்புகள் ஐம்பதைத் தாண்டின. "கழுகு திரும்ப ஏறிருச்சு" என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு இனித்தது.

செவ்வாய் காலை எழுந்தபோது கண் கொஞ்சம் கனத்தது. பத்து மணிக்குக் குடைந்தது. பத்தரைக்கு, கையிலிருந்த சட்டையின் பித்தான் துளையைச் சுற்றிப் புகை. கண்ணாடியைத் துடைத்தாள். புகை போகவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு அம்பு ஸ்டிக்கர் அட்டையைப் பார்த்தாள். நேற்று ஒவ்வொரு அம்பின் முனையும் தெரிந்தது. இன்று சிவப்புப் புள்ளிகள்.

நல்லாத் தெரிஞ்ச கண்ணு மங்க ஆரம்பிச்சா.

பத்து நாற்பதுக்குச் சூப்பர்வைசர் முன்னால் நின்றாள். வெளியே போக கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸ் புத்தகம் அவர் மேசையில். அவர் கையெழுத்து இல்லாமல் காவலாளி கதவைத் திறக்க மாட்டார்.

"சார், கண்ணு மங்குது. வலி கூடுது. உடனே வரச் சொல்லியிருக்காங்க."

"எங்க மாமாவுக்கும் பண்ணாங்க. ஒரு வாரம் உறுத்தத்தான் செய்யும். நாலு மணிக்கு லாட் ஏறிடும், நானே என் வண்டியில கொண்டுபோய் விடறேன். போதுமா?"

அவர் கெட்டவராகப் பேசவில்லை. அன்பாகவே பேசினார். அதுதான் கொடுமை. மாமாவின் உறுத்தலை வைத்து இவள் கண்ணுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார், நாத்தனார் எழுதியது போலவே. சந்தை மருந்துக்காரருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? அவர் குப்பி விற்றார், இவர் நேரம் வாங்கினார்.

பதினொன்றேகாலுக்குத் திரும்பப் போனாள். அவர் போனில் இருந்தார், கையை மட்டும் அசைத்தார். காவலாளியிடம் போனாள். "அக்கா, உங்களைத் தெரியாதா எனக்கு? ஆனா பாஸ் இல்லாம விட்டா என் வேலை போயிடும்." கணவருக்குப் போன் செய்ய வேண்டுமானால் கைப்பேசி கேட் அலமாரிக்குள், அதற்கும் பாஸ். சாப்பாட்டு மணி அடித்தது. அவளால் வாயைத் திறக்க முடியவில்லை, புருவத்துக்கு மேலே யாரோ ஆணி அடிப்பது போலிருந்தது. பக்கத்து மேசைப் பெண் அவள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரத்தமா இருக்குக்கா."

மணி இரண்டு இருபது. இடது கண்ணை மூடினாள். எதிரே நின்ற அந்தப் பெண்ணின் முகம் இல்லை. நிழல் ஒன்று அசைந்தது.

அழுதாள். அழலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்த வலியிலும் அவள் மூளை ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. இந்தக் கட்டடத்தில் எது சொன்னால் வேலை நிற்கும்? ஆள் விழுந்தால் நிற்காது; போன வருடம் ஒருத்தி மயங்கி விழுந்தபோது ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு வரிசை ஓடியது. தீ மணி அடித்தால்கூட யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்பார்கள். எது நிறுத்தும்?

அட்டையிலிருந்து ஓர் அம்பைத் தடவி உரித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். வலது கன்னத்தில், முனை கண்ணைப் பார்க்கிற மாதிரி ஒட்டிக்கொண்டாள். நேராக நடந்துபோய், மடித்து அடுக்கியிருந்த சட்டைகளை விலக்கிவிட்டு, மடிப்பு மேசையின் நடுவில் ஏறி உட்கார்ந்தாள்.

மடிப்பவர்கள் கையெடுத்துவிட்டார்கள். பழக்கம். அம்பைப் பார்த்தால் கை தானாக நிற்கும்.

விசில் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"என்னக்கா இது, விளையாட்டா? இறங்குங்க."

"குறை இருக்கிற துணி மடிப்பு மேசைக்கு வந்துடுச்சு, சார். நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்தது நகரும். பாருங்க."

"இறங்குங்கன்னு சொல்றேன்."

"கிட்ட வந்து பாருங்க, சார்."

அவர் பார்க்கவில்லை. மடிப்பவர்களைப் பார்த்து, "நீங்க வேலையப் பாருங்க" என்றார். அப்போது மேசைக்கு அந்தப் பக்கம் நீராவி சீறுவது நின்றது. தேய்ப்புக்காரர் குழாயைத் திருகி மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அம்பு இருக்கே, சார்" என்றார். "அம்பு இருந்தா நான் எப்படித் துணி தள்ளுறது? விதி அங்க மாட்டியிருக்கு. ஏழாவது."

யாரும் கத்தவில்லை. ஒவ்வொரு மெஷினாக அடங்கியது. அந்தக் கூடத்தில் அவ்வளவு அமைதியை அவர்களே கேட்டதில்லை. சூப்பர்வைசர் ஓர் அடி முன்னால் வந்து அவள் கண்ணைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. கேட் பாஸ் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மணி இரண்டு நாற்பது. கேட்டதிலிருந்து சரியாக நான்கு மணி நேரம்.

தேய்ப்புக்காரர் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். கன்னத்தில் ஸ்டிக்கரோடு வந்தவளைப் பார்த்துச் செவிலியர் ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து நேராக உள்ளே இழுத்துச் சென்றார். கண்ணுக்குள் கிருமி. உள்ளிருந்து ஒரு துளி நீரெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, கண்ணுக்குள்ளேயே மருந்தைச் செலுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை. பன்னிரண்டு நாள் அங்கேயே கிடந்தாள்.

"தூசியாலதானே, டாக்டர்?" என்று கணவர் கேட்டார். அவர் முஷ்டி இறுகியிருந்தது. யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு.

"தூசியாலேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. வீட்டுல இருந்தவங்களுக்கும் அபூர்வமா வந்திருக்கு. வந்தது ஏன்னு எனக்குத் தெரியாது. தாமதமா வந்ததால என்ன போச்சுன்னு மட்டும் தெரியும்."

ஆறு வாரம் கழித்து எழுத்து அட்டை முன் உட்காரவைத்தார்கள். இந்த அட்டை அவளுக்கு மனப்பாடம் இல்லை. வலது கண்ணால் மேல் இரண்டு வரி படித்தாள். மூன்றாவது வரி எறும்புகள். கண்ணாடி மாற்றி மாற்றிப் பார்த்தும் எறும்புகள் எழுத்தாகவில்லை. கட்டைப் பிரித்த அன்று காலையில் கணவரின் ஒவ்வொரு நரைமுடியும் தெரிந்த கண் அது. நான்கு நாள் தெரிந்தது.

தொழிற்சாலையில் அவள் மேசைக்கு ஆள் போட்டாகிவிட்டது. பார்வை குறைந்தவர் செக்கிங்குக்குத் தகுதியில்லை என்று கடிதம் வந்தது. கடிதத்தில் பிழையே இல்லை. யார் குறைத்தது என்ற வரி மட்டும் இல்லை.

இடது கண்ணில் புரை அப்படியே இருக்கிறது. அதையும் எடுக்கலாம், எடுத்தால் தெரியும் என்கிறார் மருத்துவர். வீட்டில் கேட்டதும் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒண்ணைக் கெடுத்தது போதாதா? இருக்கறதையாவது வச்சுக்கோ. இவளுக்கு ஆபரேஷன் ஒத்துக்கல."

கணவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம். கழுகக்காவுக்கு மட்டும் பயமில்லையா? இப்போதெல்லாம் தெருவில் இறங்கினால் படிக்கட்டு எங்கே முடிகிறது என்று காலால் தேடுகிறாள். தேநீரைச் சுட்டுவிரலை டம்ளருக்குள் விட்டு அளக்கிறாள். மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணை மேசையில் வைத்து ஆடும் ஆட்டம் இது. தோற்றால் இருட்டு. பல காலைகளில் அவள் எழுந்திருக்கவே மறுத்தாள். எழுந்து பார்க்க என்ன இருக்கிறது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஆனால் அவள் செக்கர். குறை எங்கே என்று தேடாமல் அவளால் ஒரு துணியையும் கீழே வைக்க முடியாது. நடந்ததைக் காலரிலிருந்து கீழ்மடிப்புவரை மனதில் புரட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்.

"அண்ணி, இருபது நிமிஷம் அவங்க பண்ணது சுத்தமான தையல். அதுல ஒரு குறையும் இல்ல. எட்டு மாசம் உங்க சொட்டு ஒரு குறை. நாலு மணி நேரம் கேட்டு வாசல் ஒரு குறை. அம்பை எங்க ஒட்டணும்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி மேல ஒட்ட மாட்டேன்."

வருகிற வியாழக்கிழமை இடது கண். தெரிந்தாலும் அந்த மேசை அவளுக்குத் திரும்பக் கிடைக்காது; அதுவும் அவளுக்குத் தெரியும். இந்த முறை இரண்டு வாரமும் கணவர் லாரியை நிறுத்திவிட்டு உடன் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். திரும்பப் போகும்போது லாரி இருக்குமா என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைக்கும் முன், நீங்கள் மேலதிகாரியாக உட்காரும் மேசையின் இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே ஒரு கேட் பாஸ் புத்தகமோ, விடுப்புத் தாளோ, யாரோ ஒருவருடைய நேரத்தைப் பூட்டி வைத்த ஏதோ ஒரு சாவியோ இருக்கும். நாளைக்கு ஒருவர் வந்து, கண் மங்குகிறது, உடனே வரச் சொன்னார்கள் என்றால், உங்கள் மாமாவுக்கு எப்படி இருந்தது என்று யோசிக்காதீர்கள். மணியைப் பார்க்காதீர்கள். கையெழுத்துப் போடுங்கள். உங்களிடம் அப்படி எந்தச் சாவியும் இல்லையென்றால், உங்கள் கூடத்திலும் ஒரு நீராவிக் குழாய் இருக்கும்; அதைத் திருகி மூடுங்கள்.